அரிசி மில்லின் 'இயலளவுப் பயன்பாடு': என்ன அர்த்தம், படிவத்தில் என்ன எழுதுவது?

சம்மாந்துறையில் குடும்பத்துக்குச் சொந்தமான சிறிய அரிசி மில்லைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உமி நீக்கும் மெஷின் ஒன்றைப் புதிதாக, இன்னும் பெரிதாக வாங்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கிறார்கள். திட்ட அறிக்கைப் படிவத்தில் 'இயலளவுப் பயன்பாடு, சதவீதத்தில்' என்று ஒரு வரி இருக்கிறது. போன வருஷத்துக்கும் வரப்போகும் ஐந்து வருஷத்துக்கும் அதை நிரப்ப வேண்டும். "இதற்குச் சரியான அர்த்தம் என்ன? எல்லாரும் 60, 70, 80 என்று எழுதுகிறார்கள். எங்கள் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. 100 என்று எழுதினால் என்ன பிழை?"

தம்பி, நல்ல கேள்வி. இந்த வரியை ஒரு சடங்காக நினைத்து நிரப்புகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தப் படிவத்தில் உங்களுக்கே மிகவும் உதவக்கூடிய வரி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஆலையோ மெஷினோ ஒரு காலப்பகுதியில் எவ்வளவு உற்பத்தி செய்திருக்க முடியுமோ, அதில் எத்தனை பங்கை உண்மையில் செய்தது என்பதுதான் இயலளவுப் பயன்பாடு. செய்ததைச் செய்திருக்கக்கூடியதால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 100 தொன் அரைத்திருக்கக்கூடிய மாதத்தில் 60 தொன் அரைத்திருந்தால் 60 சதவீதம். இந்தியப் பத்திரிகைகளில் 'திறன் பயன்பாடு' என்று வருவதும், மில்லில் நின்று "கெப்பசிட்டி எவ்வளவு ஓடுது?" என்று கேட்பதும் இதே சங்கதிதான்.

வகுத்தலில் மேலே நிற்கும் எண்ணில் பெரிய சிக்கல் இல்லை. எவ்வளவு அரைத்தீர்கள் என்பதை நெல் வாங்கிய கொப்பியும் மின்சார பில்லும் சொல்லிவிடும். கீழே நிற்கும் எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 'செய்திருக்கக்கூடியது' என்று எதை எடுக்கிறோம் என்று சொல்லாமல் ஒரு சதவீதத்தை மட்டும் எழுதினால், அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்களுடைய எண்களைப் பிறகு நீங்கள் போட்டுப் பாருங்கள். மெஷினில் அடித்திருக்கும் தகட்டில் மணிக்கு 2 தொன் நெல் என்று இருக்கிறது. போன வருஷம் அரைத்த நெல் 2,400 தொன்.

தகட்டை அப்படியே நம்பி, நாளுக்கு 24 மணி, வருஷத்துக்கு 365 நாள் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 8,760 மணி. 17,520 தொன் அரைத்திருக்கலாம். பயன்பாடு 13.7 சதவீதம். ஆனால் மில் ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது, 8 மணி, வருஷத்துக்கு 300 நாள். அப்போது 4,800 தொன். பயன்பாடு 50 சதவீதம். இன்னும் ஒன்று. தகட்டில் உள்ள 2 தொன் என்பது புது மெஷினில், நன்றாகக் காய்ந்த, கல் தூசி இல்லாத நெல்லை வைத்துச் சொன்னது. நம் களத்தில் காய்ந்த நெல்லுக்கு, சல்லடை துப்பரவாக்கும் நேரம், பெல்ட் மாற்றும் நேரம் எல்லாம் கழித்துப் பார்த்தால் மணிக்கு 1.6 தொன்தான் நிலையாக வரும். அந்தக் கணக்கில் 3,840 தொன், பயன்பாடு 62.5 சதவீதம்.

ஒரே மில், ஒரே வருஷம், ஒரே 2,400 தொன். 13.7, 50, 62.5 மூன்றும் சரியான விடைகள்தான். முதலாவது கோட்பாட்டு இயலளவை வைத்து வந்தது. இரண்டாவது, உங்கள் வேலை நேரத்துக்குச் சுருக்கிய தகட்டு இயலளவை வைத்து வந்தது. இதை நிறுவிய இயலளவு என்றும் சொல்வார்கள். மூன்றாவது நடைமுறை இயலளவை வைத்து வந்தது. வங்கிக்குத் தேவை மூன்றாவது. அதைத்தான் எழுத வேண்டும், எப்படி வந்தது என்ற கணக்கோடு.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் உங்களுக்குப் பாதிதான் சொன்னதாகும். இதுவரை உமி நீக்கும் மெஷினை மட்டும் வைத்துத்தான் இயலளவைப் பார்த்தோம். ஆனால் மில் என்பது ஒரு மெஷின் இல்லையே. புழுங்கல் அரிசி போடுகிற மில் என்றால் நெல் ஊற வேண்டும், அவிய வேண்டும், காய வேண்டும், அதற்குப் பிறகுதான் மெஷினுக்குள் போகும். இந்த வரிசையில் எந்தப் படி மிகக் குறுகலோ அதன் இயலளவுதான் முழு மில்லின் இயலளவு. மற்றப் படிகள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவை காத்துக்கொண்டுதான் நிற்கும்.

நம் பக்கத்து மில்களில் அந்தக் குறுகலான படி பெரும்பாலும் காயவைக்கும் களம். மேலே சொன்ன மில்லில் சீமெந்துக் களத்தில் ஒரு நாளைக்கு 10 தொன் நெல்தான் காயும் என்று வையுங்கள். வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழி, தை என்று அடிக்கும்போது பல நாள் களத்தில் நெல் பரப்பவே முடியாது. மழை நாள், மூடிய நாள் எல்லாம் கழித்துக் காயக்கூடிய நாள் 250 என்று எடுத்தால், வருஷத்துக்கு 2,500 தொன். இப்போது 2,400ஐ 2,500ஆல் வகுத்துப் பாருங்கள். 96 சதவீதம்.

மெஷினைப் பார்த்தால் 62.5, களத்தைப் பார்த்தால் 96. களம் ஏற்கனவே மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் கடன் எடுத்து மணிக்கு 3 தொன் அரைக்கும் மெஷின் வாங்கினால் என்ன நடக்கும்? மெஷினின் இயலளவு 7,200 தொன் ஆகும். களம் அதே 2,500தான் தரும். பயன்பாடு 35 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், கடன் தவணை மட்டும் மாதாமாதம் வரும். அதே காசில் உமியை எரித்துச் சூடாக்கும் உலர்த்தி ஒன்று போட்டால், உங்களிடம் இப்போது இருக்கும் மெஷினே 3,840 வரை போகும். எரிபொருளும் வெளியில் தேட வேண்டாம். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமிதான். உங்கள் மில்லில் நிலைமை வேறாக இருக்கலாம், அதைக் கொப்பியைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் மெஷின் வாங்கும் முன்பு இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைச் செய்யாமல் மெஷின் வாங்கி, தறப்பாள் போட்டு மூடி வைத்திருக்கும் மில்கள் நம் மாவட்டங்களில் உண்டு.

களம்தான் காரணமா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 62.5 சதவீதத்தை இரண்டாகப் பிரியுங்கள்: எத்தனை நாள் ஓடியது, ஓடிய நாளில் எவ்வளவு வேகம். நம் உதாரண மில் 300 நாளில் 240 நாள் ஓடியிருந்தால் நாள் கணக்கில் 80 சதவீதம். 2,400 தொன்னை 240 நாளால் வகுத்தால் நாளுக்கு 10 தொன், மணிக்கு 1.25 தொன். 1.6இல் 1.25 என்பது 78 சதவீதம். 80ஐயும் 78ஐயும் பெருக்கினால் அதே 62.5 வந்துவிடும். இப்போது கவனியுங்கள்: மெஷின் மணிக்கு 1.6 தள்ளக்கூடியது, ஆனால் ஓடிய நாளிலும் 1.25தான் தள்ளியிருக்கிறது, நாள் முடிவில் சரியாகக் களத்தின் 10 தொன். மெஷினுக்கு நெல் வந்து சேரவில்லை என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. கார்மென்ட் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்த மாதிரிப் பிரித்துப் பார்ப்பது பழக்கமானது. அவர்கள் ஓடிய நேரம், ஓடிய வேகம், தரம் தேறிய பங்கு என்று மூன்றாகப் பிரிப்பார்கள், ஓ.ஈ.ஈ. என்று அதற்குப் பெயர். ஜப்பானியரான செய்ச்சி நகாஜிமா பரப்பிய முறை அது.

சரி, 100 ஏன் எழுதக்கூடாது? நடைமுறை இயலளவிலேயே ஓய்வும் பராமரிப்பும் கழிக்கப்பட்டுவிட்டதுதான். அப்படியென்றால் 100 வரலாமே என்று தோன்றும். தனி மெஷினுக்கு ஒரு மாதம் வரலாம். வருஷம் முழுக்க வருவதற்கு நெல் ஒரு நாளும் தட்டுப்படக்கூடாது, மின்சாரம் போகக்கூடாது, ஆள் குறையக்கூடாது, அரைத்த அரிசி அன்றைக்கே விலைப்பட வேண்டும். கடன் அதிகாரி 100ஐப் பார்த்ததும் இவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது எண்ணை ஊதிக் காட்டுகிறார் என்றுதான் நினைப்பார். 60, 70, 80 என்று எல்லாரும் எழுதுவதற்கும் காரணம் உண்டு. புதுத் தொழில் முதல் வருஷம் வாடிக்கையாளர் பிடிக்க வேண்டும், வேலையாட்கள் பழக வேண்டும், தொழிலில் போடும் காசும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும். ஆனால் அந்த ஏணியைக் கணக்கில்லாமல் பக்கத்து அறிக்கையிலிருந்து பார்த்து எழுதுவதால்தான் அதற்கு மதிப்பில்லாமல் போகிறது. உங்கள் மில் புதிதும் இல்லை. போன வருஷம் 62.5 என்றால் அடுத்த வருஷம் ஏன் 70 ஆகும் என்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும்.

முக்கியமாக, நீங்கள் எழுதும் ஒவ்வொரு சதவீதமும் நெல்லாகவும் காசாகவும் மாறும் என்பதை மறக்காதீர்கள். மூன்றாம் வருஷம் 80 என்று எழுதினால் 3,072 தொன் நெல். மாதத்துக்கு 256 தொன். நம் பக்கம் பெரும்போக வேளாண்மை மாசி, பங்குனியில் வெட்டி முடியும். சிறுபோகம் ஆடி, ஆவணியில்தான் வரும். இடையில் ஐந்து மாதம் மில் ஓட வேண்டுமானால் 1,280 தொன் நெல்லை வெட்டுக் காலத்திலேயே வாங்கி ஸ்டோரில் அடுக்க வேண்டும். கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் 12 கோடியே 80 இலட்சம் ரூபாய். அறிக்கையின் ஒரு பக்கத்தில் 80 சதவீதம் என்று எழுதிவிட்டு, இன்னொரு பக்கத்தில் தொழிற்படு மூலதனம் 2 கோடி என்று எழுதினால், இரண்டில் ஒன்று பொய். அதிகாரி அதைத்தான் முதலில் தேடுவார். அம்பாறை மாவட்டத்தின் நெல் வெட்டுக் காலத்தில் லொறி லொறியாக வெளி மாவட்ட மில்களுக்குப் போவதற்கு ஒரு காரணமும் இதுதான்: இங்கே மெஷின் இருக்கிறது, வாங்கி வைக்கக் காசும் களஞ்சியமும் போதாது. எனக்கு இது நெடுநாளாக மனதில் கிடக்கும் கவலை. விளைவது இங்கே, அரைப்பது வேறெங்கோ, பிறகு அந்த அரிசியையே பைக்கட்டில் திருப்பி வாங்குகிறோம்.

இனி, இந்த எண்ணால் உங்களுக்கு என்ன லாபம் என்று பார்ப்போம். மில்லுக்கு அரைத்தாலும் அரைக்காவிட்டாலும் போகும் செலவுகள் இருக்கின்றன: நிரந்தர ஆட்களின் சம்பளம், மின்சாரத்தின் நிலைக்கட்டணம், காவல், தேய்மானம். வருஷத்துக்கு 60 இலட்சம் என்று வைப்போம். 2,400 தொன் அரைத்தால் கிலோவுக்கு 2 ரூபாய் 50 சதம் விழும். 3,840 அரைத்தால் 1 ரூபாய் 56 சதம். அரிசிச் சந்தையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்பது விலைப்படுவதற்கும் தேங்குவதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம். பெரிய மில்கள் விலையைக் குறைத்து விற்கத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே கணக்கிலிருந்து சமப்படும் புள்ளியும் வரும். மாறும் செலவெல்லாம் போக ஒரு கிலோ நெல் அரைத்தால் 4 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், 60 இலட்சத்தைத் தேட 1,500 தொன் அரைக்க வேண்டும். அது 3,840இல் 39 சதவீதம். 'எங்கள் மில் 39 சதவீதம் ஓடினாலே நட்டமில்லை, போன வருஷம் 62.5 ஓடியது' என்ற ஒரு வசனம், அறிக்கையில் வரும் பத்துப் பக்க முன்னுரையைவிட வங்கிக்குப் பிடிக்கும். கடன் எடுத்தால் தவணை சேர்ந்து அந்த 39 எவ்வளவாக உயர்கிறது என்பதையும் போட்டுக் காட்டுங்கள். அது 60ஐத் தொட்டால், அந்தக் கடனைப் பற்றி வீட்டில் இன்னொருமுறை பேசுங்கள்.

கணக்காளர் 'வழமையான இயலளவு' என்று ஒரு சொல்லைப் பாவிப்பார். அதையும் தெரிந்து வைத்திருங்கள். இருப்புகளுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம், எல்.கே.ஏ.எஸ். 2, நிலையான உற்பத்திச் செலவைச் சரக்கின் மேல் ஏற்றும்போது வழமையான இயலளவை வைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்கிறது. சாதாரண நிலைமையில், பல பருவங்களின் சராசரியாக எதிர்பார்க்கும் உற்பத்தி அது. திட்டமிட்ட பராமரிப்பால் இழக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் வழமை 2,400 என்றால், ஏதோ ஒரு மோசமான வருஷம் 1,200 மட்டும் அரைத்தாலும் ஒவ்வொரு கிலோவுக்கும் அதே 2 ரூபாய் 50 சதம்தான் ஏற்றலாம். மிச்சம் 30 இலட்சம் அந்த வருஷத்துச் செலவு. ஸ்டோரில் கிடக்கும் அரிசியின் பெறுமதியில் கிலோவுக்கு 5 ரூபாய் என்று ஏற்றி, நட்டத்தை மறைக்க முடியாது.

மோசமான வருஷம் என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. 2021 சித்திரையில் இரசாயன உரத்துக்குத் தடை என்று அறிவித்தார்கள். கார்த்திகையில் தளர்த்தினாலும், 2021, 22 பெரும்போக விளைச்சல் படுத்துவிட்டது. மில்களுக்கு நெல் இல்லை. அதோடு 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி மின்வெட்டு. அந்த வருஷம் மில்களின் இயலளவு குறைந்ததா, பயன்பாடு குறைந்ததா என்று பலரும் குழம்பினார்கள். பொதுவான வரைவிலக்கணப்படி, வேண்டிய மூலப்பொருளும் மின்சாரமும் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் இயலளவைக் கணிக்க வேண்டும். ஆகவே இயலளவு அப்படியே இருந்தது, பயன்பாடுதான் விழுந்தது. உங்கள் பழைய வருஷ எண்களில் அந்த வருஷம் வந்தால் ஒளிக்க வேண்டாம். காரணத்தைப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதுங்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: நெல்லையும் அரிசியையும் கலப்பது. 2,400 தொன் நெல்லில் 65 சதவீதம் அரிசி விழுந்தால் 1,560 தொன். அரிசியை நெல்லின் இயலளவால் வகுத்து, 1,560இன் கீழ் 3,840, 40.6 சதவீதம் என்று எழுதினால் எல்லாம் பாழ். மேலேயும் நெல், கீழேயும் நெல்; அல்லது இரண்டுமே அரிசி. அதேபோல அந்த 65 சதவீதத்தைப் பயன்பாடு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது நெல்லுக்கு எவ்வளவு அரிசி விழுகிறது என்ற கணக்கு, மெஷினின் தரத்தையும் நெல்லின் தரத்தையும் சொல்வது. மில் பாதி நாள் பூட்டிக் கிடந்தாலும் 65 விழலாம்.

நூறைத் தாண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். தாண்டலாம். ஒரு ஷிப்டை வைத்து இயலளவை எழுதிவிட்டு வெட்டுக் காலத்தில் இரவும் சேர்த்து ஓடினால் அந்த மாதம் 150 வரும். ஆஸ்பத்திரியில் கட்டில் நிரம்பிக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கும் நாளில் கட்டில் நிரப்பு வீதம் நூறைத் தாண்டுவது போலத்தான் இது. எண் பிழையில்லை, எதால் வகுத்தோம் என்பதை அது காட்டுகிறது.

வருஷச் சராசரியை மட்டும் பார்த்து ஒரு தொழிலை எடைபோடுவதும் நம் பக்கத்துக்குப் பொருந்தாது. இங்கே எல்லாமே பருவத்தோடு கட்டுண்டவை. வாழைச்சேனைப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடும் ஆலையை எடுத்தால், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் எவ்வளவு ஐஸ் போட்டாலும் போதாது. வடகீழ்ப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகு இறங்காது, ஐஸ் கேட்க ஆள் இல்லை. மீன் வரும் நாளில் ஐஸ் இல்லையென்றால் மீன் அழுகும். ஆகவே உச்ச நாளுக்குத்தான் ஆலை கட்ட வேண்டும், சராசரி தாழ்வாகத்தான் இருக்கும். அது குற்றமில்லை. அறுவடை மெஷின்காரர்கள் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள்: அம்பாறையில் வெட்டு முடிந்ததும் மெஷினை லொறியில் ஏற்றி, வேளாண்மை பிந்தி விளையும் மாவட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். மில்லை லொறியில் ஏற்ற முடியாதே. அதனால் மில்காரருக்குக் களஞ்சியம்தான் வழி. அறிக்கையில் மாதவாரி அட்டவணை ஒன்றையும் இணையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தாழ்ந்த எண் வீணடிப்பைக் காட்டாது என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே இன்னொரு உதாரணம் இங்கினியாகல. சேனநாயக்க சமுத்திரத்தின் அணையடியில் உள்ள நீர்மின் நிலையம் ஏறத்தாழ 11 மெகாவாட். வருஷத்தின் 8,760 மணியும் முழுவேகத்தில் ஓடினால் 96 கிகாவாட் மணிக்கு மேல் வரும். உண்மையில் அவ்வளவு வராது, வரவும் கூடாது. கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் முதலில் வயலுக்கு. வயலுக்குத் திறக்கும்போது மின்சாரமும் வருகிறது, மூடும்போது குறைகிறது. மின்துறையில் இந்த விகிதத்தை நிலையக் காரணி என்பார்கள். விமானத்தில் ஆசனம் நிரம்பும் வீதம், ஹோட்டலில் அறை நிரம்பும் வீதம் எல்லாமே இந்தக் குடும்பம்தான். சூரிய மின்கலத்துக்கு இரவில் வெயில் இல்லை, அதனால் அதன் காரணி நிலக்கரி நிலையத்தைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். தாழ்வு என்பதற்காக அதைக் குறை சொல்ல முடியாது.

மருதமுனைக் கைத்தறிகளில் இன்னொரு சிக்கல். ஒரு நெசவு நிலையத்தில் 20 தறி இருக்கிறது, நெய்ய 8 பேர்தான் இருக்கிறார்கள். இயலளவு 20 தறியா, 8 தறியா? தறியை எண்ணினால் பயன்பாடு 40 சதவீதம், ஆளை எண்ணினால் 100. எதற்காகக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இன்னும் தறி வாங்க உதவி கேட்கும் விண்ணப்பத்தில் 100 என்று எழுதுவது சரியாக இருக்காது. அங்கே தேவை ஆளும் நூலும்தான்.

கட்டி வைத்ததெல்லாம் இயலளவாகிவிடாது என்பதற்கு ஒலுவில் துறைமுகத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டென்மார்க்கின் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். வாயில் மணல் வந்து அடைத்துக்கொண்டே இருந்தது. கடலுக்குள் போட்ட அலைத்தடுப்பு மணலின் ஓட்டத்தை மறித்ததால் பக்கத்துக் கரை அரிக்கப்பட்டு, மக்கள் நிலமும் தென்னையும் இழந்தார்கள். வரைபடத்தில் எத்தனை கப்பல், எத்தனை படகு என்று இருந்தாலும், வாய் அடைபட்டிருக்கும் நாளில் நடைமுறை இயலளவு பூச்சியம்தான். வாய்தான் அங்கே குறுகலான படி, உங்கள் மில்லில் களம் போல. ஹிங்குரானச் சீனி ஆலையும் இதே பாடம்தான் படித்தது. 1990களின் பிற்பகுதியில் மூடப்பட்டுக் கிடந்து, 2012இல் மறுபடி அரைக்கத் தொடங்கியது. வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் அரைக்காவிட்டால் சீனி இறங்கிவிடும். தூரத்திலிருந்து கொண்டுவர முடியாது. சுற்றியுள்ள காணியில் எவ்வளவு கரும்பு நிற்கிறதோ அதற்கு மேல் எந்த மெஷினாலும் ஓட முடியாது.

செய்தியில் ஒரு நாட்டுக்கே இயலளவுப் பயன்பாடு இவ்வளவு என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அதன் வேலை வேறு. அமெரிக்க மத்திய வங்கி ஒவ்வொரு மாதமும் தொழிற்துறை முழுவதற்கும் இதை வெளியிடுகிறது. இயல்பான வேலை நேரத்தில், வழக்கமான நிறுத்தங்களைக் கழித்து, மூலப்பொருள் தாராளமாகக் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு, ஒரு ஆலை நிலையாகத் தரக்கூடிய உச்சத்தைத்தான் அவர்கள் இயலளவு என்கிறார்கள். 1972 தொடக்கம் அவர்களுடைய நீண்டகாலச் சராசரி 80 சதவீதத்துக்குக் கிட்ட. அவ்வளவு பெரிய பொருளாதாரத்துக்கே 80தான் சாதாரணம் என்பதையும் கவனியுங்கள். 2020 சித்திரையில் கொரோனா முடக்கத்தில் அது 65க்கும் கீழே போனது. இந்திய ரிசர்வ் வங்கியின் காலாண்டு ஆய்வில் அதே 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் உற்பத்தித் துறையின் எண் 47.3க்கு விழுந்தது. எண் தாழ்ந்திருந்தால் கம்பனிகள் புது ஆலை கட்டாது, இருப்பதையே ஓட்டும். உயர்ந்து நெருக்கினால் ஆர்டரைச் சமாளிக்க முடியாமல் விலை ஏறத் தொடங்கும், முதலீடும் வரும். மத்திய வங்கிகள் வட்டியைப் பற்றி யோசிக்கும்போது இதைப் பார்ப்பது அதனால்தான். நாட்டு எண்ணையும் மில் எண்ணையும் ஒப்பிட்டு, அவர்களுக்கு 78, எனக்கு 62 என்று கவலைப்படுவதில் பலனில்லை.

இனிப் படிவத்துக்கு வருவோம். அந்த வரியில் வெறும் எண்ணைப் போடாமல், இப்படி எழுதுங்கள்: 'இயலளவு: மணிக்கு 1.6 தொன் நெல், ஒரு ஷிப்ட் 8 மணி, வருஷத்துக்கு 300 நாள், மொத்தம் 3,840 தொன். போன வருஷம் அரைத்தது 2,400 தொன் நெல். பயன்பாடு 62.5 சதவீதம். குறைவுக்குக் காரணம்: களத்தில் நாளுக்கு 10 தொன்னுக்கு மேல் காய்வதில்லை, காயக்கூடிய நாள் 250.' இடம் போதாவிட்டால் தனித்தாளில் இணைக்கலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். ஐந்து வருஷத்துக்கும் சதவீதத்தின் பக்கத்தில் தொன்னையும், அந்தத் தொன்னுக்கு வேண்டிய நெல் வாங்கும் காசையும் எழுதுங்கள். சமப்படும் புள்ளியைத் தவணையோடும் தவணையில்லாமலும் காட்டுங்கள்.

ஆனால் அதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. போன வருஷக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் களத்தில் நெல் பரப்பினீர்கள், எத்தனை நாள் மெஷின் ஓடியது, நாளுக்கு எத்தனை தொன் என்று மூன்று நிரல் போடுங்கள். கொப்பியில் தொன் இல்லாமல் மூடைதான் இருக்கும். ஒரு மூடையின் எடையைத் தராசில் ஒருமுறை பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பிறகு களத்தில் நிற்பவரிடமும் மெஷின் ஓட்டுபவரிடமும், மெஷின் நெல்லுக்காகக் காத்து நின்றதா, நெல் மெஷினுக்காகக் காத்துக் கிடந்ததா என்று கேளுங்கள். மெஷின் காத்து நின்றது என்றால், வங்கிக்குப் போகும்போது உமி நீக்கும் மெஷினின் விலைப்பத்திரத்தை வைத்துவிட்டு உலர்த்தியின் விலைப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். நெல் காத்துக் கிடந்தது என்றால் நீங்கள் கேட்கும் மெஷின் சரிதான், விண்ணப்பத்தை அப்படியே கொடுக்கலாம்.